தொப்புளைச் சுற்றிப் பதினான்கு

'நாய் கடிச்சா தொப்புளச் சுத்திப் பதினாலு ஊசி' - இதைக் கேட்காமல் வளர்ந்தவர்கள் நம்மில் குறைவு. அந்த ஊசி வழக்கொழிந்துவிட்டது. எண் மட்டும் பேச்சில் தங்கிவிட்டது. மருந்தின் அளவு என்பது வெறும் கணக்கா, அல்லது ஒரு சமூகம் தன் உடல்களைப் பிரித்துவைக்கும் முறையா என்று இந்த எண்ணை வைத்து யோசிக்கலாம்.

1902இல் லில்லி பேக்கன்ஹாம் வால்ஷ் என்ற ஆங்கிலப் பெண் வெறிநோயால் இறந்தார். தென்னிந்தியாவில் அப்போது அதற்குச் சிகிச்சை இல்லை. நிலையம் இருந்தது வடக்கே, கசௌலியில். அந்தச் சாவுக்குப் பிறகே 1907இல் குன்னூரில் பாஸ்டர் நிலையம் வந்தது. அதற்கு முன் நாய்க்கடியில் செத்த எத்தனையோ சுதேசிகளின் பெயர் எந்த நிலையத்தின் கதையிலும் இல்லை.

1911இல் டேவிட் செம்பிள் கசௌலியில் உருவாக்கிய மருந்து, ஆட்டு மூளையில் வளர்த்த கிருமியைக் கார்பாலிக் அமிலத்தால் கொன்று எடுத்தது. அதில் மூளைத் திசு அதிகம், சரக்கு குறைவு. எனவேதான் மில்லிமில்லியாக, நாள்தவறாமல், இடம் தாராளமாக உள்ள வயிற்றுத் தோலில் போட்டார்கள். கடியை ஆழம், இடம் பார்த்து மூன்று வகுப்பாகப் பிரித்து அளவைக் கூட்டினார்கள், குறைத்தார்கள். ஆக, பதினான்கு என்பது நோய் கேட்ட எண் அல்ல. மருந்தின் பலவீனம் கேட்ட எண். அந்த மூளைத் திசுவே சிலருக்குப் பக்கவாதத்தையும் கொண்டுவந்தது.

1980களிலேயே உலக சுகாதார நிறுவனம் இதைக் கைவிடச் சொன்னது. செல் வளர்ப்பில் தயாரான புது மருந்து கடைக்கு வந்தது. காசுள்ளவர்களுக்குக் கையில் ஐந்து ஊசி. தர்மாஸ்பத்திரிக்குப் போனவர்களுக்கு அதே வயிறு, அதே ஆட்டு மூளை. 2004 டிசம்பர்வரை இந்தியாவில் இது நீடித்தது. கடியின் வகுப்போடு கடிபட்டவரின் வர்க்கமும் அளவைத் தீர்மானித்தது.

இதை உடல்மீதான அதிகாரம் என்று மட்டும் வாசித்துவிட்டுப் போவது சுலபம். ஆனால் அந்த மட்டமான மருந்து ஏராளமான உயிர்களைக் காத்தது என்பதும் உண்மை. கணக்கு ஏழைகளுக்குச் சாதகமாகத் திரும்பவும் கூடும். 2006இல் இந்தியா அனுமதித்த தோலிடை ஊசி அப்படிப்பட்டது. தசையில் போட்டால் அரை மில்லி வீதம் ஐந்து முறை: 2.5 மில்லி. தோலுக்குள் 0.1 மில்லி, இரண்டு இடம், நான்கு முறை: 0.8 மில்லி. பாதுகாப்பு ஒன்றுதான், செலவு மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே.

இதில் ஒரு சங்கதி உண்டு. திறந்த புட்டியைச் சில மணி நேரத்துக்குள் தீர்த்தாக வேண்டும். அதாவது, பலர் வரிசையில் நிற்கும் இடத்தில்தான் இந்தக் கணக்கு கட்டுபடியாகும். தனியாளுக்கு எட்டாத சிக்கனம், அரசு ஆஸ்பத்திரிக் கூட்டத்துக்கு எட்டுகிறது.