பித்தநீருக்கு ஒரு புது வழி

கல்லீரலில் ஊறும் பித்தநீர் போகவேண்டிய தூரம் அதிகமில்லை. பித்தநாளத்தில் இறங்கி, கடைசியில் கணையநீரோடு சேர்ந்து, சிறுகுடலில் விழ வேண்டும். பச்சைக் குழந்தைக்கு அந்த நாளம் ஓரிரு மில்லிமீட்டர் அகலம்தான். அபூர்வமாகச் சில குழந்தைகளுக்கு அது எலுமிச்சை அளவுக்குக்கூட உப்பிவிடுகிறது. இதைத்தான் டாக்டர்கள் கோலிடோகல் சிஸ்ட் என்கிறார்கள். மேலை நாடுகளைவிட ஆசியாவில், முக்கியமாக ஜப்பானில், இது அதிகம். பெண் குழந்தைகளுக்கே பெரும்பாலும் வருகிறது.

ஏன் உப்புகிறது? 1969இல் பாபிட் என்ற அமெரிக்க மருத்துவர் ஒரு விளக்கம் சொன்னார். பித்தநாளமும் கணையநாளமும் குடல் சுவருக்கு வெளியே, மேலேயே சேர்ந்துவிட்டால் அங்கே தடுக்கும் தசை இருக்காது. அழுத்தம் கூடிய கணையநீர் எதிரேறிப் பித்தநாளத்துக்குள் புகும். உணவைச் செரிக்க வேண்டிய நீர் நாளத்தின் சுவரை அரிக்கும். அறுவையின்போது கட்டியிலிருந்து எடுக்கும் பித்தநீரில் பல சமயம் கணையநீரின் நொதியான அமிலேஸ் எகிறியிருப்பது இதற்குச் சாட்சி. ஆனால் கருவிலேயே ஸ்கேனில் தெரிந்துவிடும் கட்டிகளுக்கு இந்த விளக்கம் சரியாகப் பொருந்தவில்லை.

வயிற்றுவலி, மஞ்சள் காமாலை, வலது விலாவுக்குக் கீழே கட்டி என மூன்று அடையாளங்களைப் புத்தகங்கள் சொல்கின்றன. மூன்றும் ஒருசேர வருவது சில குழந்தைகளிடம் மட்டுமே. பெரிய குழந்தை வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுக்கும். வயிற்றில் பூச்சி என்று நினைத்து மருந்து கொடுத்துப் பார்ப்போம். கைக்குழந்தையிடம் கவனிக்க வேண்டியது மலத்தின் நிறம். பித்தநீர் குடலுக்கு வராவிட்டால் மலம் சுண்ணாம்பாக வெளுத்துவிடும். பிறந்து இரண்டு வாரம் தாண்டியும் காமாலை இருந்து, மலமும் வெளுத்தால், இளவெயிலில் காட்டியோ கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தோ நாளைக் கடத்தக் கூடாது. பித்தநாளமே அடைபட்டுப்போகும் இன்னொரு நோயும் இப்படித்தான் தொடங்கும். அதற்குப் பிறந்த இரண்டு மாதத்துக்குள் அறுவை செய்தால்தான் பலன் அதிகம். சாதாரண அல்ட்ராசவுண்ட் ஸ்கேனே கட்டியைக் காட்டிவிடும். நாளங்கள் சேருமிடத்தை எம்ஆர்சிபி என்ற எம்ஆர்ஐ படம் காட்டும்.

ஒரு காலத்தில் கட்டியை அப்படியே விட்டு, அதைக் குடலோடு இணைத்துவிடுவார்கள். காமாலை வடியும், வீட்டார் நிம்மதியாகப் போவார்கள். அந்தப் பை உள்ளேயே இருந்ததுதான் வினையானது. தேங்கிய பித்தநீரில் கல் சேர்ந்தது, சீழ்க்காய்ச்சல் வந்தது, வளர்ந்தபின் சிலருக்குப் பையின் சுவரிலேயே புற்றுநோய் வந்தது. முதல் அறுவை எளிதாக முடிவதில் எவ்வளவு ஆபத்து ஒளிந்திருந்தது!

இன்று கட்டியையும் பித்தப்பையையும் முழுதாக எடுத்துவிடுகிறார்கள். சிறுகுடலை ஓரிடத்தில் வெட்டி, ஒரு முனையை மேலே கொண்டுபோய்க் கல்லீரலிலிருந்து வரும் நாளத்தோடு தைக்கிறார்கள். கீழே குடலைக் குடலோடு சேர்க்கிறார்கள். அடிக்கடி புண்ணாகிப் பழுத்த கட்டி பக்கத்து ரத்தக்குழாயோடு ஒட்டியிருந்தால், வெளிச்சுவரை விட்டு உட்தோலை மட்டும் உரித்தெடுக்கும் லில்லி முறை கைகொடுக்கும்.

புது வழியில் பித்தநீர் ஓடத் தொடங்கியதும் மலத்தில் மஞ்சள் திரும்பும். தைத்த இடம் பல வருடம் கழித்தும் சுருங்கலாம், கல்லீரலுக்குள் கல் சேரலாம். அதனால் பிள்ளை வளர்ந்து வேலைக்குப் போன பிறகும் ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் தொடர வேண்டும். குளிர்காய்ச்சலோடு கண் மஞ்சளித்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய், சிறுவயதில் நடந்த அறுவையைச் சொல்லிவிட வேண்டும்.