வீட்டு முயலின் தீவன வரலாறு: களக்காடு வட்டாரத்தை முன்வைத்து

வீட்டில் வளர்க்கும் முயலின் முடி மங்கினாலோ உதிர்ந்தாலோ, எடை குறைந்தாலோ, சத்து டானிக் ஊற்றலாமா என்ற கேள்வி உடனே எழுகிறது. களக்காடு போன்ற சிற்றூர்களில் முயலுக்கென்று தனியாகச் செய்த மருந்துகள் எளிதில் கிடைப்பதில்லை. எனவே கோழிக்கும் நாய்க்கும் உரிய சத்துச் சொட்டுகளே முயலுக்கும் கொடுக்கப்படுகின்றன. முயலுக்கு என்ன கொடுக்க வேண்டும் என்ற அறிவு எங்கே, யாருக்காக உருவானது என்பதைத் தெரிந்துகொண்டால் இக்கேள்விக்கு விடை கிடைக்கும். அந்த வரலாற்றை இக்கட்டுரை சுருக்கமாகக் கூறுகிறது.

காட்டு முயல்

திருநெல்வேலி மாவட்டத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் களக்காடு அமைந்துள்ளது. இங்குள்ள மலையில் பிறக்கும் பச்சையாறு, தாமிரபரணியின் துணையாறுகளுள் ஒன்று. முண்டந்துறைக் காடு 1962இலும் களக்காடு காடு 1976இலும் சரணாலயங்களாக அறிவிக்கப்பட்டன. இரண்டும் இணைந்து 1988இல் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம் ஆயின.

இம்மலையடிவாரப் புதர்களிலும் தரிசுகளிலும் வாழும் முயல், பிடரியில் கருமை படர்ந்த இந்தியக் காட்டு முயல். வட்டார வழக்கில் இது 'மொசல்' எனப்படும். பழந்தமிழர் அறிந்த முயல் இதுவே. முல்லை நிலத்தின் கருப்பொருள்களில் முயல் இடம்பெறுகிறது. திருக்குறளின் படைச்செருக்கு அதிகாரத்தில் (குறள் 772) முயல் அம்புக்கு எளிதில் வீழும் காட்டு விலங்காக வருகிறது. நிலவின் கறையையும் முயலாகவே தமிழர் கண்டனர். மாடு, ஆடு, கோழி போலக் கொட்டிலில் கட்டித் தீனி போட்ட விலங்காக முயல் பழைய இலக்கியத்தில் இல்லை. ஆகவே முயலுக்குத் தீவனம் வைக்கும் மரபறிவு, மாட்டுக்கு இருந்ததுபோல நம்மிடம் உருவாகவில்லை.

காட்டு முயலைப் பிடித்து வளர்ப்பது 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அது கூண்டிலும் நிலைப்பதில்லை. மேலும் வீட்டு முயலும் காட்டு முயலும் ஒரே இனமல்ல. இந்தியக் காட்டு முயலை உள்ளடக்கிய பேரினத்தின் முயல்களுக்கு 48 குரோமோசோம்கள். வீட்டு முயலுக்கு 44. காட்டு முயலின் குட்டி உரோமத்துடனும் திறந்த கண்களுடனும் தரைமேல் பிறக்கிறது. வீட்டு முயலின் குட்டி உரோமமின்றி, கண் திறவாமல் பிறக்கிறது. தமிழில் இரண்டுக்கும் ஒரே பெயர் இருப்பதால் இவ்வேறுபாடு பலருக்கும் தெரிவதில்லை.

வீட்டு முயலின் தோற்றம்

வீட்டு முயலின் மூதாதை ஐபீரியத் தீபகற்பத்தைச் சேர்ந்த ஐரோப்பியக் குழிமுயல். ஸ்பெயினும் போர்ச்சுகலும் இன்று அப்பகுதியில் உள்ளன. உரோமானியர் சுவர் எழுப்பிய தோட்டங்களில் முயல்களை அடைத்து வைத்தனர். கி.மு. முதல் நூற்றாண்டில் வார்ரோ எழுதிய வேளாண் நூலில் அத்தகைய அடைப்புகள் பற்றிய குறிப்பு உண்டு. கி.பி. 600 அளவில் போப் கிரகோரி முயல் குட்டியை மீனுக்கு நிகராக அறிவித்தார் என்றும், அதனால் நோன்புக் காலத்தில் உண்பதற்காகத் துறவியர் முயலை வீட்டு விலங்காக்கினர் என்றும் ஒரு கதை நெடுங்காலம் பாடநூல்களில் இடம்பெற்றது. அது ஒரு பழைய ஏட்டைத் தவறாக வாசித்ததால் பிறந்த கதை என 2018இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. முயல் ஒரே நாளில் வீட்டு விலங்காகவில்லை. பல நூற்றாண்டுகளில் படிப்படியாக மனிதருடன் பழகியது.

எவ்வளவு பழகினாலும் அதன் வயிறு புல் தின்னும் வயிறாகவே இருந்தது. முயலின் பற்கள் வாழ்நாள் முழுவதும் வளர்கின்றன. முன்பற்கள் ஆண்டுக்கு 10 செ.மீ.க்கும் மேல் வளரும். கரடுமுரடான புல்லை நாள் முழுதும் அரைப்பதால்தான் அவை தேய்ந்து அளவோடு நிற்கின்றன.

தமிழகத்திற்கு வந்த பண்ணை முயல்

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், இறைச்சிக்கும் உரோமத்திற்குமாக அயல்நாட்டு முயலினங்கள் இந்தியாவில் பரப்பப்பட்டன. ராஜஸ்தானின் அவிகாநகரில் உள்ள மத்திய செம்மறி மற்றும் கம்பளி ஆராய்ச்சி நிறுவனம் இப்பணியில் முன்நின்றது. அதன் தென்மண்டல மையம் கொடைக்கானல் மேல்மலையில் மன்னவனூரில் உள்ளது. குளிர்ந்த மலைப்பகுதி அங்கோரா முயலுக்கு ஏற்றது. சமவெளிக்கு வெள்ளை ஜெயன்ட், சோவியத் சின்சில்லா, நியூசிலாந்து வெள்ளை போன்ற இறைச்சி இனங்கள் பரிந்துரைக்கப்பட்டன. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் 1989இல் தொடங்கப்பட்டது. நீலகிரியின் சாண்டிநல்லாவிலும் சென்னையை அடுத்த காட்டுப்பாக்கத்திலும் உள்ள அதன் நிலையங்கள் முயல் வளர்ப்பைப் பரப்பின. திருநெல்வேலியை அடுத்த இராமையன்பட்டியில் அதன் கால்நடை மருத்துவக் கல்லூரி 2012இல் தொடங்கப்பட்டது.

இன்று செல்லமாக வளர்க்கப்படும் முயல்களில் பல இப்பண்ணை இனங்களின் வழிவந்தவை. முயலோடு பண்ணையின் தீவன முறையும் வீட்டுக்கு வந்தது.

தீவன அட்டவணை யாருக்காக?

பண்ணைக்கு வேண்டியது விரைவான எடை. குட்டி மூன்று மாதத்தில் சுமார் 2 கிலோ எட்ட வேண்டும்; அதன்பின் அது விற்பனைக்குப் போகும். 1976இல் பிரான்சின் திஜோன் நகரில் முதல் உலக முயல் மாநாடு நடந்தது. 1977இல் அமெரிக்கத் தேசிய ஆராய்ச்சிக் குழு முயலின் ஊட்டத் தேவைகளை அட்டவணையாக வெளியிட்டது. வளரும் முயலின் தீவனத்தில் 16 சதவீதப் புரதமும் 10 முதல் 12 சதவீத நாரும் வேண்டும் என்றது அது. வளர்ச்சி முடிந்து, குட்டி ஈனாமல் இருக்கும் முயலுக்கு 12 சதவீதப் புரதம் போதும். நார் 14 சதவீதம் வேண்டும் என்றும் அதே அட்டவணை கூறியது.

இந்த இரண்டாவது வரிசையே செல்ல முயலுக்கு நெருக்கமானது. எனினும் பண்ணையாளருக்குப் பயன்பட்டது முதல் வரிசைதான். சோளம், கம்பு, கோதுமைத் தவிடு, கடலைப் புண்ணாக்கு, தாது உப்பு கலந்த அடர்தீவனம் வழக்கமானது அவ்வாறே. 12 வாரம் வளர்க்கும் முயலுக்கு வகுத்த உணவை, எட்டு முதல் பத்து ஆண்டு வாழக்கூடிய முயலுக்கு நாள்தோறும் கொடுத்தால் கொழுப்பு சேரும். குடல் இயக்கம் மந்தமாகும். பல் தேயாமல் வளைந்து வளரும்.

மென்புழுக்கை சொல்லும் செய்தி

முயல் இருவகைப் புழுக்கை இடுகிறது. ஒன்று நாம் காணும் உருண்டையான உலர்புழுக்கை. மற்றது பளபளப்பான, கொத்தான மென்புழுக்கை. இரண்டாவதை முயல் ஆசனவாயிலிருந்தே வாயால் எடுத்து விழுங்கிவிடும். இதைப் பிரெஞ்சுக் கால்நடை மருத்துவர் மொரோ 1882இல் விவரித்தார். அது பெரிதும் மறக்கப்பட்டு, 1939இல் மாட்சன் வெளியிட்ட குறிப்புக்குப் பின் மீண்டும் கவனம் பெற்றது.

சிறுகுடலும் பெருங்குடலும் சேருமிடத்தில் சீக்கம் என்னும் பெரிய பை உள்ளது. அதில் நுண்ணுயிர்கள் நாரை நொதிக்கவைத்து, பி வகை வைட்டமின்களையும் வைட்டமின் கே-யையும் புரதத்தையும் உருவாக்குகின்றன. மென்புழுக்கை வழியாக முயல் அவற்றைப் பெறுகிறது. வைட்டமின் சி-யை அதன் உடலே செய்துகொள்ளும். ஆகவே நன்றாகப் புல் தின்னும் முயலுக்குப் பி வகைச் சத்துச் சொட்டு பெரும்பாலும் தேவைப்படுவதில்லை. சுண்ணாம்புச் சத்து டானிக்கில் கூடுதல் கவனம் வேண்டும். முயல் உணவிலுள்ள சுண்ணாம்பைப் பெருமளவு உறிஞ்சி, மிகுதியைச் சிறுநீரில் வெளியேற்றுகிறது. அளவு மீறினால் சிறுநீர்ப்பையில் மண்டியும் கல்லும் சேரக்கூடும்.

முடியைக் கெடுத்த தீவனங்கள்

முடி என்பது கெரட்டின் என்னும் புரதம். அதில் கந்தகம் கொண்ட அமினோ அமிலங்கள் மிகுதி. அங்கோரா முயலுக்கு உரோமம் வளர்க்க அவை கூடுதலாக வேண்டும். சாதாரண முயலுக்குப் புல்லும் அளவான பயறுவகைத் தழையும் போதும். மாறாக, சத்தானது என்று கருதிக் கொடுத்த தீவனமே முடியைக் கெடுத்த வரலாறு உண்டு.

சவுண்டல் எனப்படும் சூபாபுல் மரம் புரதம் மிக்க தழைக்காக இந்தியாவில் 1970களிலும் 1980களிலும் பெரிதும் பரப்பப்பட்டது. அதில் மிமோசின் என்னும் நச்சு அமிலம் உள்ளது. அத்தழையைத் தின்ற குதிரைகளின் பிடரிமயிரும் வால்மயிரும் உதிர்வது கரீபியப் பகுதியில் 19ஆம் நூற்றாண்டிலேயே கவனிக்கப்பட்டது. 1960களில் ஆஸ்திரேலியாவில் செம்மறி ஆடுகளிலும் இது ஆராயப்பட்டது. சில ஆடுமாடுகளின் இரைப்பையில் இந்நச்சை முறிக்கும் நுண்ணுயிர்கள் உண்டு. அசைபோடும் இரைப்பை இல்லாத முயலுக்கு அந்தக் காப்பு இல்லை. முடி உதிரும் முயலுக்குச் சத்து வேண்டுமென்று சவுண்டல் தழையை அதிகமாகப் போட்டால் உதிர்வு கூடவே செய்யும்.

கடலைப் புண்ணாக்கின் கதையும் இத்தகையது. 1960இல் இங்கிலாந்தில் ஏராளமான வான்கோழிகள் இறந்தன. பூஞ்சை பிடித்த கடலைப் புண்ணாக்கே காரணம் எனத் தெரியவந்தது. அதிலிருந்து அஃப்ளடாக்சின் என்னும் நச்சு கண்டறியப்பட்டது. இந்நச்சை மிகக் குறைவாகவே தாங்கும் விலங்குகளுள் முயலும் ஒன்று. மழைக்காலத்தில் ஈரம் ஏறிய புண்ணாக்கு முயலின் கல்லீரலைக் கெடுக்கும்.

பண்ணையிலிருந்து வீட்டுக்கு

முயலை வீட்டு உறுப்பினராகக் கருதி அதன் உணவைத் தனியே சிந்திப்பது அண்மைக் காலத்தது. 1985இல் அமெரிக்காவில் மாரினெல் ஹாரிமன் வீட்டு முயல் வளர்ப்புக் கையேட்டை வெளியிட்டார். களக்காடும் முண்டந்துறையும் ஒரே காப்பகமான 1988ஆம் ஆண்டில் கலிபோர்னியாவில் வீட்டு முயல் சங்கம் தொடங்கப்பட்டது. உலர்புல்லை முதன்மை உணவாகக் கொள்ளும் முறை இத்தகைய முயற்சிகளால் பரவியது.

இதற்கு ஆய்வுச் சான்றும் பின்னர் கிடைத்தது. எடின்பரோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 32 முயல்களை 17 மாதம் நால்வகை உணவில் வளர்த்து, முடிவுகளை 2015 வரையிலான ஆண்டுகளில் வெளியிட்டனர். தானியக் கலவை கொடுக்கப்பட்ட முயல்கள் பிடித்ததை மட்டும் பொறுக்கித் தின்று எடை கூடின. உலர்புல் தின்ற முயல்களின் எடை கட்டுக்குள் இருந்தது.

எடைக்கும் முடிக்கும் உள்ள தொடர்பும் இதில் விளங்கும். கொழுத்த முயலால் முதுகின் பின்புறத்தையும் வாலடியையும் நக்கித் துப்புரவு செய்ய முடியாது. மென்புழுக்கையையும் எட்டி எடுக்க முடியாது. அதனால் முடி அழுக்கேறிச் சிக்காகும், சத்தும் இழப்பாகும்.

களக்காட்டில் இன்று

வெளிநாட்டு நூல்கள் கூறும் டிமோத்தி புல் இங்கு விளைவதில்லை. ஆனால் பச்சையாற்றுப் பாசன நிலங்களின் வரப்புகளில் அறுகு உண்டு. கொழுக்கட்டைப் புல்லும் கினியாப் புல்லும் தென்மாவட்டங்களில் வளர்பவையே. நிழலில் உலர்த்திய புல் எந்நேரமும் கூண்டில் இருக்க வேண்டும். வேலிமசால், கல்யாண முருங்கை, அகத்தி, முருங்கை ஆகிய தழைகளை அளவோடு சேர்க்கலாம். அடர்தீவனம் வளர்ந்த முயலுக்குச் சிறிதளவே போதும். களக்காடு வாழைக்குப் பெயர் பெற்ற ஊர். ஆனால் வாழைப்பழம் சர்க்கரை மிக்கது. முயலுக்கு எப்போதாவது ஒரு சிறு துண்டுக்கு மேல் ஆகாது. பூச்சிமருந்து தெளித்த தோட்டத்துப் புல்லைத் தவிர்க்க வேண்டும்.

கோடை வெயிலில் முயல் குறைவாகத் தின்னும், எடையும் குறையும். அதற்கு மருந்து நிழலும் தண்ணீரும்தான். தண்ணீரில் சத்துச் சொட்டு கலந்தால் சுவை மாறி முயல் குடிப்பதைக் குறைக்கலாம். பருவத்தில் முடி உதிர்ந்து புதுமுடி வளர்வது இயல்பு. காது, மூக்கு, விரல்களில் பொருக்குத் தட்டினால் அது சொறிப்பூச்சியாக இருக்கலாம். டானிக்கால் அது தீராது. கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும். முயல் 12 மணி நேரம் தின்னாமலோ புழுக்கை இடாமலோ இருந்தால் காத்திருக்கக் கூடாது.

சத்துக்குறை என மருத்துவர் கண்டறிந்த முயலுக்குத் துணை ஊட்டம் பயன்படும். மற்ற முயல்களுக்கு அது பண்ணைக் காலத்துப் பழக்கத்தின் எச்சமே. மலையடிவாரத்துக் காட்டு முயல் டானிக் இன்றிப் புல்லிலேயே தன் உரோமத்தைக் காத்துக்கொள்கிறது. இனம் வேறானாலும், வீட்டு முயலின் வயிறு கேட்பதும் அதே புல்லைத்தான்.