கணினித் திரையில் ஐந்நூற்றுவர்



நம் பிள்ளைகள் பலர் விரும்பி விளையாடும் ‘சிவிலைசேஷன்’ என்னும் கணினி விளையாட்டின் ஏழாம் பாகம் 2025 பிப்ரவரியில் வெளிவந்தது. அதில் சோழரும் இடம்பெற்றுள்ளனர். அவர்களோடு வரும் இரண்டு பெயர்கள் திருச்சபையின் பழைய ஆவணம் ஒன்றிலும் இருப்பதால் இதனை எழுதுகிறேன்.

இத்தொடரின் முதல் பாகத்தை 1991இல் சிட் மையரும் புரூஸ் ஷெல்லியும் உருவாக்கினர். ஆட்டம் கி.மு. 4000இல் தொடங்கும். நீர்வளம் பார்த்து ஊர் அமைக்க வேண்டும்; உணவும் பொன்னும் அறிவும் பெருக்க வேண்டும்; எழுத்து, நாணயம் என ஒவ்வொன்றாகக் கண்டறிந்து விண்வெளிவரை முன்னேற வேண்டும். சதுரங்கத்தைப் போல முறைவைத்தே காய் நகரும். ஆகவே சிந்திக்க நேரமுண்டு. ‘இன்னும் ஒரே ஒரு முறை’ என்று பிள்ளைகள் நள்ளிரவுவரை கெஞ்சுவதும் அதனால்தான்!

2005இல் வந்த நான்காம் பாகத்தில் சமயங்கள் சேர்க்கப்பட்டன. அதன் முகப்பிசையான ‘பாபா யெட்டு’, சுவாகிலி மொழியில் அமைந்த ‘விண்ணுலகில் இருக்கிற எங்கள் தந்தையே’ மன்றாட்டாகும். கிறிஸ்டோபர் டின் இசையமைத்த அப்பாடல் 2011இல் கிராமி விருது பெற்றது. கணினி விளையாட்டுக்கென எழுதப்பட்ட இசைக்கு அவ்விருது கிடைத்தது அதுவே முதன்முறை. 2010இல் வந்த ஐந்தாம் பாகம் சதுரக் கட்டங்களை அறுகோணங்களாக்கியது. ஏழாம் பாகம் வெளிவந்தபோது வரலாற்றை மூன்று யுகங்களாகப் பிரித்து, யுகம் மாறும்போது ஆடுபவர் வேறொரு நாகரிகத்துக்கு மாறச் செய்தது.

இந்திய வரிசையில் முதல் யுகத்தில் மௌரியர், அடுத்து சோழர், பின்னர் முகலாயர். இவ்வரிசையை வரலாறு ஏற்பதில்லை. அசோகரின் பாறைக் கல்வெட்டுகளே சோழரைத் தம் ஆட்சிக்கு அப்பாற்பட்ட அண்டை நாட்டாராகக் குறிப்பிடுகின்றன.

ஆயினும், சோழர் பகுதியை அமைத்தோர் நன்கு தேடிப் படித்திருக்கின்றனர். சோழரின் கப்பலுக்குப் பெயர் ‘கலம்’. தஞ்சைப் பெரிய கோயில் ஓர் அதிசயமாக வருகிறது. அஞ்சுவண்ணம், மணிக்கிராமம் என்னும் இரு கட்டடங்களை அருகருகே எழுப்பினால் ‘ஐந்நூற்றுவர்’ வளாகம் உருவாகும், வருவாய் பெருகும்.

உண்மையில் இவை கட்டடங்கள் அல்ல, கடல் கடந்த வணிகக் குழுக்கள். ஐந்நூற்றுவரின் தமிழ்க் கல்வெட்டு, 1088ஆம் ஆண்டைச் சேர்ந்தது, சுமத்ராவின் பாருஸ் பகுதியில் கிடைத்தது. இராசேந்திரனின் படை 1025இல் கடாரத்தைத் தாக்கியது. ஆனால், அக்கடல்வழிகளில் போரின்றிப் பொருள் கொண்டு சென்றோர் இக்குழுவினரே.

இனி நான் சொன்ன ஆவணத்திற்கு வருவோம். கி.பி. 849இல் வேணாட்டு ஆட்சியாளர் அய்யனடிகள், கொல்லத்தில் மார் சபீர் ஈசோ கட்டிய தரிசாப்பள்ளி என்னும் கிறிஸ்தவக் கோவிலுக்கு நிலமும் வரிவிலக்கும் வழங்கிச் செப்பேடு பொறித்தார். அவ்வுரிமைகளைக் காக்கும் பொறுப்பு அஞ்சுவண்ணத்தாரிடமும் மணிக்கிராமத்தாரிடமும் ஒப்படைக்கப்பட்டது. வட்டெழுத்தில் அமைந்த அச்செப்பேட்டில், சாட்சிகள் அரபியிலும் பகலவியிலும் எபிரேய எழுத்திலும் கையொப்பமிட்டுள்ளனர். கடல் கடந்து வந்த கிறிஸ்தவருக்கு அளித்த வாக்கிற்குப் பல சமயத்தார் சாட்சியாக நின்றனர்.

நாம் வாழும் மியூனிக்கின் தொடக்கமோ வேறு. உப்பு வணிகச் சுங்கத்துக்காகச் ‘சிங்கம்’ என்று பெயர்பெற்ற கோமகன் ஹென்றி, பிரைசிங் ஆயரின் சந்தையையும் பாலத்தையும் ஒழித்துத் தம் சந்தையை இங்கே நிறுவினார். 1158இல் பேரரசர் பிரெடரிக் பார்பரோசா அதை ஏற்று, வருவாயில் மூன்றில் ஒரு பங்கை ஆயருக்கு அளித்தார். இந்த நகர்த்தலைக் கணினி எளிதாகக் கணக்கிடும். கொல்லத்துச் செப்பேட்டின் பெருமையோ அதன் கணக்கில் அடங்காது. ஏழாம் பாகத்தில் மறைபரப்பாளரை அனுப்பி ஊர்களை மதம் மாற்றினால் திருப்பண்டங்கள் சேர்கின்றன. அவையே வெற்றிப் புள்ளிகளாகின்றன. அயலாருக்குத் தந்த வாக்கைக் காப்பதற்கு அங்கே புள்ளி இல்லை.

அன்புப் பெற்றோரே, பிள்ளைகளின் கையிலிருந்து விளையாட்டைப் பறிக்கும் முன் ஒரு மாலை அவர்களோடு அமருங்கள். மணிக்கிராமம் திரையில் தோன்றும்போது கொல்லத்துச் செப்பேட்டின் கதையைச் சொல்லுங்கள். அயல்நாட்டில் பிறருடைய வாக்குறுதியை நம்பி வாழும் நமக்கு அக்கதை எளிதில் விளங்கும்.

இறையாசீர் உங்கள் இல்லங்களில் தங்குவதாக.