நல்லூரில் அத்தாவின் தடம்

1987 ஜூலை 29இல் இந்திய-இலங்கை ஒப்பந்தம் கையெழுத்தானது. உடனேயே இந்திய அமைதிப்படை பலாலியில் இறங்கத் தொடங்கியது. கடைசி அணி 1990 மார்ச் 24இல் திருகோணமலையில் கப்பலேறியது. இந்த 32 மாதங்களில் சுமார் 1,200 இந்திய வீரர்கள் உயிரிழந்தார்கள். அந்தப் படையில் போய் உயிரோடு திரும்பியவர்களில் என் அத்தாவும் ஒருவர்.

அந்த நாட்களைப் பற்றி அத்தா அதிகம் பேசியதில்லை. சோதனைச் சாவடியில் மற்ற ஜவான்களுக்கு அவர்தான் மொழிபெயர்ப்பாளர். "நம்ம பாஷை பேசுற ஊருல துப்பாக்கியோட நின்னேம்ப்பா" என்பார். அதற்குமேல் பேச்சு வராது. நல்லூர் என்ற பெயர் மட்டும் அடிக்கடி வரும். அவர் மவுத்தான பிறகு, அவர் போன வழியில் ஒருமுறை போய்வரப் புறப்பட்டேன்.

முதலில் கொழும்பை அடுத்த பத்தரமுல்லை. இறந்த இந்திய வீரர்களுக்காக இலங்கை அரசு கட்டிய நினைவிடம் அங்கே இருக்கிறது. கபர்கள் இல்லை, கல்லில் பொறித்த பெயர்கள்தான். ஸியாரத்துக்குப் போனவன் பெயர்களை வாசித்துவிட்டு யாழ்ப்பாணம் புறப்பட்டேன்.

பலாலி வீதி உரும்பிராய், கோண்டாவில் வழியாகத் திருநெல்வேலிக்கு வருகிறது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் அங்கேதான். 1987 அக்டோபர் 11 நள்ளிரவுக்கும் 12 விடியலுக்கும் இடையில், புலிகளின் தலைமையைப் பிடிக்க ஹெலிகாப்டர்களில் அதன் மைதானத்தில் வீரர்களை இறக்கினார்கள். புலிகள் தயாராகக் காத்திருந்தார்கள். சீக்கிய இலகு காலாட்படையின் 30 பேரில் 29 பேர் மாண்டார்கள், ஒருவர் பிடிபட்டார். அதே நாட்களில் பக்கத்திலுள்ள கொக்குவில் பிரம்படியில் பொதுமக்கள் பலர் படையினரால் கொல்லப்பட்டார்கள்.

நல்லூர் அங்கிருந்து நடக்கிற தூரம்தான். இந்திய அரசிடம் ஐந்து கோரிக்கைகளை வைத்து, கோயில் வீதியில் செப்டம்பர் 15இல் தண்ணீரும் அருந்தாமல் உண்ணாவிரதம் இருந்த திலீபன் 26ஆம் தேதி இறந்தார். வரவேற்று மாலை போட்ட ஊர் படையிடமிருந்து முகம் திருப்பியது அந்த நாட்களில்தான். இரண்டு வாரத்தில் போர் மூண்டது. அவருக்கு எழுப்பிய தூபி பின்னாளில் உடைக்கப்பட்டது. ஆனாலும் செப்டம்பர்தோறும் அங்கே விளக்கேற்றுகிறார்கள்.

அங்கு நின்ற பெரியவர் ஒருவர் "தம்பி இந்தியாவோ?" என்று கேட்டார். அத்தாவைப் பற்றிச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "ஆஸ்பத்திரிக்கும் ஒருக்கா போய்ப் பாருங்கோ" என்றார்.

போனேன். அக்டோபர் 21, தீபாவளி நாள். யாழ் போதனா மருத்துவமனைக்குள் புகுந்த இந்தியப் படையினர் சுட்டதில் மருத்துவர், தாதியர், ஊழியர்கள் 21 பேர் உட்படச் சுமார் 70 பேர் இறந்தார்கள். உள்ளிருந்து புலிகள் சுட்டதே காரணம் என்றது படை. உயிர் தப்பியவர்களின் சாட்சியம் வேறு. அந்த ஊழியர்களின் படங்களை வைத்து ஆண்டுதோறும் அஞ்சலி செலுத்துகிறார்கள்.

நல்லூருக்கு வடகிழக்கே கோப்பாய். அங்கே புலிகளின் துயிலும் இல்லம் இருந்தது. அந்தக் கல்லறைகளை இலங்கை இராணுவம் இடித்தது. 2011இல் அதே இடத்தில் 51ஆவது படைப்பிரிவின் தலைமையகம் திறக்கப்பட்டது. பிள்ளைகளைப் புதைத்த தாய்மார் வீதியோரம் நின்று விளக்கேற்றுகிறார்கள்.

நம் சமூகத்துக்கும் இங்கே ஒரு காயம் உண்டு. அமைதிப்படை போய் ஏழு மாதம் கழித்து, 1990 அக்டோபர் 30 அன்று, யாழ் முஸ்லிம்களை இரண்டு மணி நேரத்தில் வெளியேறச் சொன்னார்கள் புலிகள். சோனகர் தெருவும் பள்ளிவாசல்களும் வெறிச்சோடின. மூத்தவர்களின் கபர்களையும் விட்டுவிட்டுத்தான் போனார்கள். ஆகவே கோப்பாயில் நிற்கிற ஒரு முஸ்லிமின் மனம் எளிதில் இளகாது. ஆனால் ஒரு யூதரின் ஜனாஸா கடந்து சென்றபோது நபிகள் நாயகம் (ஸல்) எழுந்து நின்றார்கள். காரணம் கேட்டவர்களிடம், அதுவும் ஓர் உயிரல்லவா என்று திருப்பிக் கேட்டார்கள். கபரை இடிப்பதற்கு இறந்தவரின் அரசியல் நியாயமாகாது.

தந்தையின் போரைத் தேடிப் போகிறவர் தந்தையின் பக்கத்துப் பெயர்களை மட்டும் வாசித்துத் திரும்பினால் பாதி வரலாறுதான் கையில் இருக்கும். பத்தரமுல்லையின் கல்லும் மருத்துவமனையின் படங்களும் ஒரே போரின் பக்கங்கள். அமைதிப்படையில் இருந்த நம் ஊர்க்காரர்கள் பலர் இன்னும் ஹயாத்தோடு இருக்கிறார்கள். வெளியேற்றப்பட்ட யாழ் முஸ்லிம்களின் முதல் தலைமுறையும் இருக்கிறது. இருவரிடமும் போய் உட்கார்ந்து கேட்டு எழுதிவைக்க வேண்டும். என் அத்தா சொல்லாமல் விட்டதை இனி யாரும் எனக்குச் சொல்லப்போவதில்லை. உங்கள் வீட்டில் இருப்பவர் இன்று சொல்லக்கூடும்.