சௌரங்கிக்கு வந்த நாடகமும் சித்பூரிலிருந்து போன நாடகமும்

ஓர் ஊருக்கு இசை நாடகம் வந்து சேர நடிகரும் பாட்டும் மட்டும் போதாது. தேதி குறிக்க ஒருவர் வேண்டும், அச்சாரம் கொடுக்க ஒருவர் வேண்டும், கூட்டம் வராத இரவின் நட்டத்தைத் தாங்க ஒருவர் வேண்டும். கொல்கத்தாவில் இந்த ஏற்பாடு இரண்டு இடங்களில் இரண்டு விதமாக நடந்தது. வெள்ளைக்காரர்கள் கூடிய சௌரங்கிக்கு நாடகங்கள் கப்பலில் வந்து இறங்கின. வடக்கே, வங்காளிகளின் பழைய நகரத்தை ஊடுருவிச் செல்லும் சித்பூர் சாலையிலிருந்து நாடகங்கள் கிராமங்களுக்குப் புறப்பட்டுப் போயின.

கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சிக் காலத்து ஆங்கில நாடகம் பெரும்பாலும் உள்ளூரில் குடியிருந்த ஆங்கிலேயர்களின் பொழுதுபோக்கு. அதிகாரிகளும் வணிகர்களும் சந்தா போட்டு 1813-இல் சௌரங்கி தியேட்டரைத் தொடங்கினார்கள். கடன் மூழ்கடித்தபோது 1835-இல் துவாரகநாத் தாகூர் அதை வாங்கினார். 1839-இல் தீ விபத்தில் அது அழிந்தது. இன்று ஷேக்ஸ்பியர் சரணி எனப்படும் சாலைக்கு நெடுங்காலம் தியேட்டர் ரோடு என்ற பெயர் இருந்தது அந்த அரங்கத்தால்தான்.

நீராவிக் கப்பல்கள் ஒழுங்காக ஓடத் தொடங்கியதும் நிலைமை மாறியது. 1860-களின் பிற்பகுதியில் ஜி. பி. டபிள்யூ. லூயிஸ் என்பவர் ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரத்திலிருந்து குழு திரட்டிக்கொண்டு வந்து மைதானத்தில் கொட்டகை போட்டார். பிறகு சௌரங்கியில் அவருடைய தியேட்டர் ராயல் எழுந்தது. இத்தாலிய ஆபரா குழுக்களும் வந்தன. அவர்களுக்காக லிண்ட்ஸே தெருவில் இருந்த ஆபரா ஹவுஸ்தான் பின்னாளில் குளோப் சினிமாவானது. 1869-இல் சூயஸ் கால்வாய் திறந்தபின் ஐரோப்பாவிலிருந்து வரும் பயணம் வாரக்கணக்கில் குறைந்தது.

இந்தக் குழுக்கள் வந்தது குளிர்காலத்தில். வைஸ்ராய் சிம்லா மலையிலிருந்து இறங்கித் தலைநகருக்குத் திரும்பியிருப்பார். கிறிஸ்துமஸ் வாரத்தில் குதிரைப் பந்தயம், விருந்து, நடனம் என்று ஊர் நிரம்பியிருக்கும். தேயிலைத் தோட்டத் துரைமாரும் சணல் ஆலை முதலாளிகளும் வந்து தங்குவார்கள். நாடகக்காரருக்கு ஓராண்டின் வருமானம் அந்தச் சில மாதங்களில்தான்.

இந்த வணிகத்தை முழுமையான வலைப்பின்னலாக மாற்றியவர் மாரிஸ் பேண்ட்மன். நடிகர் தம்பதிக்கு 1872-இல் பிறந்த இவர் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கல்கத்தாவைத் தன் கிழக்கத்திய தொழிலின் மையமாக்கிக்கொண்டார். ஜிப்ரால்டரில் தொடங்கி மால்டா, எகிப்து, பம்பாய், கல்கத்தா, ரங்கூன், சிங்கப்பூர், ஹாங்காங், ஜப்பான் என்று நீண்டது அவருடைய சுற்று. ஒரு குழு கல்கத்தாவை விட்டுக் கிளம்பும்போது இன்னொரு குழு வந்துகொண்டிருக்கும். 1908-இல் கல்கத்தாவில் எம்பயர் தியேட்டர் திறக்கப்பட்டது. பம்பாயில் ஜஹாங்கீர் கராகாவுடன் சேர்ந்து அவர் முயன்று எழுப்பியதுதான் ராயல் ஆபரா ஹவுஸ்.

லண்டனின் கெய்ட்டி, டேலிஸ் அரங்குகளில் வெற்றி கண்ட ‘தி கெய்ஷா’, ‘தி மெர்ரி விடோ’ போன்ற இசை நாடகங்களே பேண்ட்மனின் சரக்கு. லண்டனில் ஒரே நாடகம் நூற்றுக்கணக்கான இரவுகள் ஓடும். கல்கத்தாவின் ஐரோப்பியக் கூட்டமோ சிறியது. ஒரு நாடகத்தைப் பார்க்கக்கூடியவர் அனைவரும் இரண்டு மூன்று இரவுகளில் பார்த்து முடித்துவிடுவார்கள். ஆகவே அவருடைய குழு ஏராளமான நாடகங்களை மனப்பாடமாக வைத்துக்கொண்டு அடிக்கடி மாற்றிப் போட வேண்டியிருந்தது. ஒரே நடிகை திங்கட்கிழமை ஜப்பானியப் பெண்ணாகவும் புதன்கிழமை ஐரோப்பியச் சீமாட்டியாகவும் பாடியிருப்பாள். அந்த உழைப்பு இன்றைய எந்த நாடக நட்சத்திரத்தின் உழைப்புக்கும் குறைந்ததன்று. பருவத்துக்கு எந்த நாடகம் வரும் என்பதைத் தீர்மானித்தவர் பேண்ட்மன். நட்டம் வந்தாலும் அவருக்குத்தான். ஊரின் பங்கு, டிக்கெட் வாங்குவதோடு முடிந்தது.

அமெரிக்காவிலும் ஏறக்குறைய இதே காலத்தில் இதுதான் நடந்தது. 1896-இல் ஆறு அரங்க முதலாளிகள் நியூயார்க்கில் கூட்டுச் சேர்ந்து, நாடெங்கும் உள்ள அரங்குகளுக்கு எந்தக் குழு எந்த வாரம் போக வேண்டும் என்பதைத் தங்கள் கைக்குள் கொண்டுவந்தார்கள்.

சௌரங்கியின் பருவங்கள் நீடிக்கவில்லை. 1911-இல் தலைநகரை டெல்லிக்கு மாற்றும் அறிவிப்பு வந்தது. உலகப் போர் கப்பல் பயணத்தைக் குலைத்தது. 1922-இல் பேண்ட்மன் ஜிப்ரால்டரில் காலமானார். இதற்குள் ஜே. எஃப். மதன் என்னும் பார்சி முதலாளி நாடகத்திலிருந்து சினிமாவுக்கு வந்து நகரத்தில் படக் கொட்டகைகளை நிறுவியிருந்தார். ஒரு குழுவை முழுதாகக் கப்பலேற்றிக் கொண்டுவருவதைவிட ஒரு பெட்டி பிலிம் வரவழைப்பது எவ்வளவோ மலிவு. எம்பயர் தியேட்டர் ராக்ஸி சினிமாவாக மாறியது. 1943-இல் வெளியான ‘கிஸ்மத்’ என்ற இந்திப் படம் அங்கே மூன்று ஆண்டுகளுக்கு மேல் ஓடியது.

சௌரங்கியின் சுவடு வடக்கு நகரத்தில் பதிந்துதான் இருந்தது. 1873-இல் பீடன் தெருவில் எழுந்த கிரேட் நேஷனல் தியேட்டர் லூயிஸின் அரங்கத்தைப் பார்த்துக் கட்டப்பட்டது. சித்பூரிலிருந்து கிராமங்களுக்குப் போன வங்காள இசை நாடகமான ஜாத்ராவின் குழுக்களும் ‘ஆபரா’ என்ற சொல்லை எடுத்துக்கொண்டன. ஆர்ய ஆபரா, சத்யம்பர் ஆபரா, தருண் ஆபரா என்று கிராமத்து வயலில் ஆடும் குழுக்களுக்குப் பெயர் வந்தது அப்படித்தான்.

‘ஜாத்ரா’ நம்முடைய யாத்திரைதான். 16ஆம் நூற்றாண்டில் நவத்வீபத்தில் வைணவ மகான் சைதன்யர் ருக்மிணி வேடமிட்டு ஆடியதை அவருடைய வரலாறு சொல்கிறது. கிருஷ்ணன் கதைகளைப் பாடி ஆடும் மரபு வைணவ பக்தியோடு வளர்ந்தது. 19ஆம் நூற்றாண்டில் காதல் கதையும் புராணமும் சேர்ந்தன. சுதேசி இயக்கக் காலத்தில் பாரிசாலைச் சேர்ந்த முகுந்த தாஸ் (1878–1934) ஜாத்ராவை அரசியல் மேடையாக்கிச் சிறைக்கும் போனார். மேடை என்று சொன்னாலும் அது திரை இல்லாத களம். அதை ‘ஆசர்’ என்பார்கள். சுற்றிலும் ஜனங்கள் உட்கார்ந்திருப்பார்கள், வாத்தியக்காரர்கள் இரு பக்கமும் இருப்பார்கள், வேடம் கட்டும் இடத்திலிருந்து நடிகர் கூட்டத்தின் நடுவே நடந்து வருவார். கதை தறிகெடும் இடத்தில் ‘பிபேக்’ என்ற பாத்திரம் திடீரென நுழைந்து பாடும். நம் விவேகம் என்ற சொல்தான் அது. மனச்சாட்சியே ஆளாக வந்து பாடுகிறது.

பழைய நாளில் இக்குழுக்களை ஜமீன்தார்கள் பூஜைக்கு அழைத்தார்கள். கிழக்கு வங்காளத்தில் குழுக்கள் படகுகளில் ஆறுவழியே ஊர் ஊராகப் போயின. 1947 பிரிவினை அந்த நீர்வழியை எல்லைக்கு அப்பால் விட்டது. பாரிசாலில் பிறந்த நட்ட கம்பெனி போன்ற குழுக்களுக்குக் கொல்கத்தாவே வீடானது. ஜமீன்தாரும் போய்விட்டார். அவர் இடத்தில் வந்தவர்தான் ‘நாயேக்’.

நாயேக் என்பவர் ஊருக்காக நாடகம் பிடிப்பவர். ஒரு கிளப்பின் செயலாளராக இருக்கலாம், பள்ளிக்கூடக் கட்டட நிதிக்கு அலைபவராக இருக்கலாம், லாபம் பார்க்கும் வியாபாரியாகவும் இருக்கலாம். ஆனி, ஆடியில் வரும் ரத யாத்திரை நாள் அவருக்கு முக்கியம். அன்று இன்றைய ரவீந்திர சரணியான சித்பூர் சாலையில் ஒவ்வொரு கம்பெனியின் ‘கதி’யிலும் பூஜை நடக்கும். கதி என்பது பெரும்பாலும் ஒரு சிறிய அறை. சுவர் முழுக்க இந்த ஆண்டின் ‘பாலா’க்களின், அதாவது புது நாடகங்களின், வண்ணப் போஸ்டர்கள். மேசை மேல் தேதிப் புத்தகம். மேதினிபூரிலிருந்தோ பாங்குராவிலிருந்தோ வந்த நாயேக் எதிரே உட்கார்ந்து கதையைக் கேட்பார், நாயகி யார் என்று கேட்பார், காளி பூஜையை ஒட்டிய இரவு காலியா என்று கேட்பார். பேரம் படிந்தால் ‘பாய்னா’ கைமாறும்; நம் அச்சாரம்தான் அது. அந்தத் தேதியின் கட்டத்தில் ஊர்ப் பெயர் எழுதப்படும்.

அந்த ஒரு வரியில்தான் ஒரு கிராமம் தன் நாடகத்தைப் பெறுகிறது. கம்பெனிக்கு அந்த இரவுக்கான தொகை உறுதி. பந்தல், தகர வேலி, டிக்கெட், விளம்பரம், கூட்டம் வருமா வராதா என்ற கவலை எல்லாம் நாயேக்குடையவை. சௌரங்கியில் விற்பவர் தலையில் இருந்த பாரம் இங்கே வாங்குபவர் தலையில் இருக்கிறது. அதனாலேயே தேர்ந்தெடுக்கும் அதிகாரமும் அவரிடம் இருக்கிறது. நாயேக்குகள் விரும்பாத பாலா ஒத்திகையிலேயே மாற்றி எழுதப்படும்.

ரத யாத்திரைக்குப் பின் மழைக்கால ஒத்திகை. துர்கா பூஜையோடு பருவம் தொடங்கும். கோடை முடிந்து மழை வரும்வரை ஓடும். மதியம் பஸ் சித்பூரை விட்டுக் கிளம்பும், இரவு ஏதோ ஒரு வயலில் ஆட்டம், விடிகாலையில் அடுத்த ஊர். நிலக்கரிச் சுரங்கப் பகுதியும் தேயிலைத் தோட்டங்களும் நல்ல வாடிக்கைகள். பெரிய கம்பெனி ஒரு பருவத்தில் நூறு இரவுகளுக்கு மேல் ஆடும்.

தமிழ்நாட்டு வாசகருக்கு மதுரையின் ஸ்பெஷல் நாடகம் நினைவுக்கு வரும். அங்கேயும் திருவிழாக் காலத்தை ஒட்டி அச்சாரம் உண்டு, ஏஜெண்டு உண்டு. ஆனால் அங்கே ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன் என்று ஒவ்வொருவரும் தனித்தனியே அமர்த்தப்பட்டு மேடையில்தான் சந்திக்கிறார்கள். சங்கரதாஸ் சுவாமிகளின் வள்ளி திருமணம் எல்லோருக்கும் பாடம் என்பதால் அது முடிகிறது. ஆண்டுதோறும் புதுக்கதை கேட்கும் ஜாத்ராவுக்கு முழுக் கம்பெனியாகத்தான் போக முடியும்.

இந்தப் புதுக்கதைப் பசிதான் ஜாத்ராவின் பொற்காலத்தை உண்டாக்கியது. பிரஜேந்திர குமார் தே சமூகக் கதைகளை எழுதினார். உத்பல் தத் 1968-இல் ‘ரைஃபிள்’ கொடுத்தார். தருண் ஆபராவின் சாந்திகோபால் ஹிட்லராகவும் லெனினாகவும் வயல்வெளிகளில் தோன்றினார். பெண் வேடத்தில் புகழ் பெற்ற சபல் பாதுரி போன்றவர்களின் இடத்துக்கு நடிகைகள் வந்தார்கள். 2001-இல் மேற்கு வங்கத்தில் 300-க்கு மேற்பட்ட குழுக்களும் 20,000-க்கு மேற்பட்ட தொழிலாளரும் இருந்தார்கள். உள்ளூர் சினிமாவில் இருந்தவர்களைவிட இது அதிகம். பின்னர் தொலைக்காட்சியும் கைபேசியும் கூட்டத்தைக் குறைத்தன. 2020-இல் பருவத்தின் நடுவிலேயே ஊரடங்கு வந்து தேதிப் புத்தகங்களை மூடியது.

பேண்ட்மனின் பயணத்தைப் பழைய பத்திரிகை விளம்பரங்களைக் கொண்டு ஊர் ஊராகத் தொடர முடியும். எந்தக் கிராமம் எந்த இரவில் எந்தப் பாலாவைப் பார்த்தது என்ற விவரம் சித்பூரின் தேதிப் புத்தகங்களில் எழுதப்பட்டது. கதிகள் ஒவ்வொன்றாக மூடப்படும்போது அந்தப் புத்தகங்கள் பழைய பேப்பர் கடைக்குப் போகாமல், நூலகங்களுக்குப் போய்ச் சேர வேண்டும்.