திருத்தம்

அம்மைக்கு எண்பது வயது கடந்தபிறகு அவள் பெயர் தப்பு என்று ஒரு காகிதம் சொன்னது.

நாஞ்சில் நாட்டில் அந்தத் தலைமுறைப் பெண்கள் பலருக்குப் பெயர் 'அம்மை' என்றுதான் முடியும். செல்லம்மை, நீலம்மை, பகவதியம்மை. அம்மையின் பெயரும் அந்த ரகம்தான். பழைய ரேஷன் அட்டையில், உள்ளூர்க்காரர் யாரோ மைப்பேனாவால் எழுதியதில், சரியாகவே இருந்தது. பிறகு கணினி வந்தது. தட்டச்சு செய்த புண்ணியவான் எந்த ஊரோ, 'அம்மை' என்றதும் அவருக்கு வைசூரி நினைவுக்கு வந்திருக்கும். இப்படியும் ஒரு பெயர் உண்டா என்று நினைத்து 'அம்மாள்' ஆக்கிவிட்டார். அதாவது, திருத்திவிட்டார். அந்த அட்டையைக் காட்டி அடுத்த அட்டை வாங்கினோம், அதைக் காட்டி அதற்கடுத்தது. கடைசியில் எல்லா அட்டையிலும் அம்மை வேறொருத்தி.

நிலத்துக் காகிதம் ஒன்றோடு பெயர் ஒத்துவராமல் போகவே, நாகர்கோவிலில் ஒரு சேவை மையத்துக்கு அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். கணினி முன்னால் இருந்த பெண்பிள்ளை நல்ல மாதிரி.

"பேர் திருத்தணும்னா ஆதாரம் வேணும் சார். பாட்டி பேரு இதுதான்னு எதுல இருக்கு?"

அம்மை குறுக்கே விழுந்தாள். "எனக்க பேரு எனக்குத் தெரியாதா மக்கா?"

அந்தப் பெண் சிரித்துவிட்டாள். ஆனாலும் விண்ணப்பத்தில் அதற்கு இடம் இல்லை. இரண்டு கட்டங்கள்தான்: இப்போது உள்ள பெயர், திருத்த வேண்டிய பெயர். தப்பு செய்தது யார் என்று கேட்கும் கட்டம் கிடையாது. விண்ணப்பிப்பவர்தான் தப்பைச் சுமக்க வேண்டும்.

பழைய அட்டையை எடுத்துவர வீட்டுக்குத் திரும்பும்போது தெருவை வேடிக்கை பார்த்தேன். ஒரே வரிசையில் மூன்று பலகைகள். 'ஆதார் திருத்தம் செய்து தரப்படும்.' பக்கத்தில் 'முடி திருத்தும் நிலையம்'. அதற்கும் அப்பால் தையல் கடை, 'ஆல்ட்ரேஷன்' என்று தமிழ் எழுத்திலேயே. மூன்று கடைக்காரர்களும் ஏற்கெனவே இருக்கும் ஒன்றை மாற்றித்தான் தருகிறார்கள். ஆனால் மூன்று மாற்றமும் ஒன்றல்ல. அன்று பிடித்த கிறுக்கு, அகராதிகளில் போய் முடிந்தது.

தையல்காரரிடமிருந்து தொடங்கலாம். ஆல்டர் என்ற ஆங்கில வினை லத்தீனிலிருந்து வந்தது. அங்கே அதற்குப் பொருள் 'இரண்டில் மற்றது'. வேறொன்றாக ஆக்குவது, அவ்வளவுதான். குற்றம் குறை எதுவும் அந்தச் சொல்லில் கிடையாது. சட்டையின் பக்கத்தையலைப் பிரித்து விடச் சொல்லி ஒருமுறை கொடுத்தபோது கடைக்காரர் சொன்னது இப்போதும் காதில் இருக்கிறது: "சட்டையில தப்பு ஒண்ணும் இல்ல அண்ணாச்சி. ஒங்க ஒடம்புதான் மாறிட்டு."

அமெண்ட் அப்படியல்ல. அது லத்தீனின் 'மெண்டா'விலிருந்து வருகிறது. மெண்டா என்றால் பிழை, ஊனம். பிழையை வெளியே எடுப்பது எமெண்டாரே. பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து அமெண்ட் ஆயிற்று. அதன் தலையைக் கிள்ளினால் மெண்ட்: கிழிந்த துணியைத் தைப்பது, ஓட்டைப் பாத்திரத்தை அடைப்பது. பன்மையில் அமெண்ட்ஸ் என்றால் செய்த தீங்குக்கு ஈடுகட்டுவது. பழைய ஏடுகளின் பாடபேதங்களைச் சரிசெய்ய அறிஞர்கள் அதே லத்தீன் சொல்லை மறுபடியும் கடன் வாங்கி எமெண்ட் என்று வைத்துக்கொண்டார்கள். பிச்சைக்காரரைக் குறிக்கும் மெண்டிகண்ட் என்ற சொல்லும் இந்த மெண்டாவின் வழி வந்தது, உடல் ஊனமுற்றவர் என்பதிலிருந்து, என்று சொற்பிறப்பு ஆய்வாளர்கள் சொல்வார்கள். ஆக, அந்தக் குடும்பம் முழுக்கக் குறைபாட்டிலிருந்து பிறந்தது. முதலில் பிழை இருக்க வேண்டும். பிறகே அமெண்ட்.

இந்தச் சொல்லோடு எங்கள் மாவட்டத்துக்குப் பிறவித் தொடர்பு உண்டு. 1956 நவம்பர் 1 அன்று மாநில மறுசீரமைப்புச் சட்டமும் அரசியலமைப்பின் ஏழாவது திருத்தமும் ஒன்றாக நடைமுறைக்கு வந்தன. அன்றுதான் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்திலிருந்து அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் பிரிந்து, கன்னியாகுமரி மாவட்டம் என்ற பெயரோடு சென்னை மாநிலத்தில் சேர்ந்தன. ராஜப்பிரமுகர் பதவி ஒழிந்தது. காலையில் எழுந்தவர்களுக்கு அதே வீடு, அதே வயல், மாநிலம் மட்டும் வேறு.

அந்த ஒரே சட்ட நடவடிக்கைக்கு அக்கம்பக்கத்து மொழிகள் என்ன பெயர் வைத்திருக்கின்றன என்று பார்த்தால் வேடிக்கை. மலையாளத்தில் பேதகதி. வேறுபட்ட போக்கு என்று பொருள் கொள்ளலாம், கிட்டத்தட்ட தையல்காரரின் ஆல்டர். இந்தியில் சம்சோதன், சுத்தப்படுத்துவது. அதில் ஓர் அழுக்கு முன்கூட்டியே ஒப்புக்கொள்ளப்படுகிறது. தமிழில் திருத்தம். நம் சொல் எந்தப் பக்கம்?

இன்று கேட்டால் எல்லோரும் பிழையின் பக்கம் என்றுதான் சொல்வார்கள். 'திருந்தாத ஜென்மம்' என்று திட்டுகிறோம். விடைத்தாள் திருத்துகிறோம். ஆனால் 'பிழை திருத்தம்' என்று சொல்லும்போது பிழையை ஏன் தனியாகச் சேர்த்துக்கொள்கிறோம்? திருத்தத்துக்குள்ளேயே பிழை இருந்திருந்தால் அது தேவைப்பட்டிருக்காதே.

வருந்து - வருத்து, பொருந்து - பொருத்து போலத்தான் திருந்து - திருத்து. தானாக நிகழ்வது முந்தையது, பிறர் நிகழ்த்துவது பிந்தையது. சங்கப் பாட்டில் பெண்ணைத் திருந்திழை என்று அழைப்பார்கள். திருந்திய இழை அணிந்தவள். அவள் நகை ஒருகாலத்தில் கோணலாக இருந்து பிற்பாடு ஒழுங்குக்கு வந்தது என்று யாரும் உரை எழுதவில்லை. நேர்த்தியாகச் செய்யப்பட்ட நகை, அவ்வளவே. திருந்தடி என்றால் வடிவான பாதம். அங்கே திருந்துவது என்றால் தன் வடிவத்தின் நிறைவுக்கு வருவது.

பக்தி இலக்கியத்துக்கு வரும்போது ஆள் மாறுகிறார், பொருள் சற்று நகர்கிறது. மதுரகவியாழ்வார் கண்ணிநுண் சிறுத்தாம்பில் தன் குருவான நம்மாழ்வாரைப் பற்றிப் பேசும்போது, தகுதி இல்லாதவரையும் திருத்திப் பணிகொள்பவர் என்கிறார். நம்மாழ்வாரின் தாய் உடையநங்கை பிறந்த ஊர் நாகர்கோவிலை ஒட்டிய திருப்பதிசாரம் என்பது மரபு. ஆகவே ஒரு தாய்மாமன் உரிமையில் நாங்களும் இதில் கருத்துச் சொல்லலாம். குறை உள்ளவர்தான் வருகிறார், சந்தேகமில்லை. ஆனால் திருத்துகிறவரின் பார்வை குறையில் இல்லை, அந்த ஆளால் என்ன ஆகமுடியும் என்பதில் இருக்கிறது.

வைணவ வீடுகளில் இன்றும் காய் நறுக்குவது என்று சொல்லமாட்டார்கள், காய் திருத்துவது என்பார்கள். வெட்டு, நறுக்கு எல்லாம் அமங்கலம். கத்தரிக்காய் என்ன பாவம் செய்தது திருந்துவதற்கு? ஒன்றும் செய்யவில்லை. தளிகைக்குத் தயாராகிறது.

காட்டைத் திருத்திக் கழனியாக்குவது என்கிறோமே, அதுவும் இந்த வகைதான். காடு ஒரு தவறல்ல. மேடு தட்டி, வரப்பு போட்டு, தண்ணீர் நிற்கும் நிலமாக்குவது திருத்துவது. நாஞ்சில் என்ற சொல்லுக்கே கலப்பை என்றுதான் பொருள். திருத்தும் கருவியின் பெயரையே ஊருக்கு வைத்துக்கொண்டு இருக்கிறோம். ஈழத்தில் சைக்கிள் கெட்டாலும் 'திருத்தக் குடுத்திருக்கு' என்பார்கள். நாம் ரிப்பேர் என்கிற இடத்தில் அவர்களுக்குத் திருத்தவேலை.

முடி திருத்தும் நிலையமும் அப்படியே. சாதிப் பெயரைச் சொல்லி ஏவி வந்த ஒரு தொழிலுக்கு, அந்தப் பெயரைத் தள்ளிவிட்டு மரியாதையான ஒரு பெயர் தேடியபோது கிடைத்த வினை இது. முடி வளர்ந்தது யார் குற்றமும் இல்லை. வெட்டுகிறவர் என்று சொல்லாமல் திருத்துகிறவர் என்று சொன்னதில் கையின் நேர்த்தியும் சேர்ந்து வருகிறது.

பிறகு எங்கே குறுகியது? எனக்குத் தோன்றுவது: சிவப்பு மையில். பள்ளிக்கூடம், அச்சகம், அரசு அலுவலகம் மூன்றும் சேர்ந்து ஒரு சரியான வடிவத்தை மேசைமேல் வைத்துக்கொண்டன. அதோடு ஒத்துப்போகாத எல்லாம் பிழை. திருத்துவது என்றால் அந்த வடிவத்துக்கு இழுத்துக் கட்டுவது.

எழுபதுகளில் எங்கள் பள்ளியில் ஒரு கட்டுரையில் 'அம்மை என்னை விளித்தாள்' என்று எழுதினேன். வீட்டில் அப்படித்தான் பேச்சு. 'அவன விளி', 'ஆரு விளிச்சா?' தமிழாசிரியர் அதை அடித்து 'அம்மா என்னை அழைத்தார்' என்று எழுதி, பக்கத்தில் மலையாளம் கலக்காதே என்று சிவப்பில் குறித்தார். மூன்று சொல்லில் இரண்டு போயிற்று. மிஞ்சியது 'என்னை' மட்டும். இரண்டு வருடம் கழித்து இலக்கண வகுப்பில் எட்டாம் வேற்றுமை வந்தது. அதன் பெயர் விளி வேற்றுமை. தொல்காப்பியத்தில் விளிமரபு என்று ஓர் இயலே இருக்கிறது. புத்தகத்தில் இருந்தால் செந்தமிழ், அம்மை வாயில் இருந்தால் மலையாளம். எழுந்து கேட்கத் தைரியம் வரவில்லை.

ஓர்மை என்ற சொல்லுக்கும் அதே கதி. 'ஓர்ம இருக்கா?' என்றால் நினைவிருக்கிறதா என்று கேட்பது. ஓர்தல் பழந்தமிழ் வினை, எண்ணிப்பார்ப்பது. அதையும் நாங்கள் மலையாளம் என்று நினைத்துக் கூச்சப்பட்டு விட்டுவிட்டோம்.

அந்த ஆசிரியர்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் தலைமுறைக்குக் காரணம் இருந்தது. தமிழ் வட்டங்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்க நேசமணி தலைமையில் நடந்த போராட்டத்தில், 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் சுட்டு ஆட்கள் செத்தார்கள். நாங்கள் தமிழர்தான் என்று ரத்தம் கொடுத்து நிரூபித்த ஊரில், பேச்சில் ஒரு மலையாள வாடை அடித்தாலும் பதறத்தான் செய்யும். எல்லையைத் திருத்தியாயிற்று, இனி நாக்கைத் திருத்த வேண்டும் என்று நினைத்திருப்பார். எல்லை விஷயத்தில் அவர்கள் சரி. நாக்கு விஷயத்தில், பொது எதிரி என்று நினைத்துச் சொந்த வீட்டுச் சாமான்களையும் தெருவில் எறிந்தார்கள்.

இதில் ஒரு நகைமுரண் உண்டு. தொல்காப்பியம் அரங்கேறியபோது அதைக் கேட்டு ஆராய்ந்தவர் அதங்கோட்டாசான் என்று பனம்பாரனாரின் பாயிரம் சொல்கிறது. அந்த அதங்கோடு விளவங்கோடு வட்டத்தில் இருக்கும் எங்கள் அதங்கோடுதான் என்பது ஊர் நம்பிக்கை. அதை அப்படியே ஏற்றுக்கொண்டால், தமிழின் முதல் மெய்ப்புத் திருத்துநர் 'அவன விளி' என்று சொல்லும் ஊர்க்காரர்.

சட்டப் புத்தகத்தில்கூட திருத்தம் எப்போதும் குற்ற ஒப்புதலாக இருந்ததில்லை. 1951இல் வந்த முதல் திருத்தத்துக்கு ஒரு காரணம் சென்னை மாகாணத்தின் வகுப்புவாரி அரசாணையை உச்ச நீதிமன்றம் செண்பகம் துரைராஜன் வழக்கில் செல்லாது என்றது. திருத்தத்துக்குப் பிறகு, பின்தங்கியவர்களுக்குக் கல்வியில் இடம் ஒதுக்க வழி பிறந்தது. 1967இல் இந்து திருமணச் சட்டத்துக்குத் தமிழ்நாடு கொண்டுவந்த திருத்தம், புரோகிதர் இல்லாமல் நடந்த சீர்திருத்தத் திருமணங்களைச் செல்லுபடி ஆக்கியது. ஏற்கெனவே வாழ்ந்துகொண்டிருந்தவர்களின் வாழ்க்கைக்கு ஏற்பச் சட்டம் தன்னைத் திருத்திக்கொண்டது. ஆட்களை இழுத்துக் காகிதத்தோடு பொருத்தவில்லை, காகிதத்தை ஆட்களோடு பொருத்தினார்கள். காட்டைக் கழனியாக்கிய பழைய அர்த்தத்துக்கு இதுதான் கிட்ட வருகிறது.

மறுநாள் பழைய ரேஷன் அட்டையோடு போனோம். மடிப்பில் கிழிந்து, எண்ணெய்க் கறை பிடித்திருந்தாலும் எழுத்து தெளிவு. அந்தப் பெண் பூதக்கண்ணாடி வைக்காத குறையாகப் பார்த்தாள். "அம்மை... ஆமா சார், எங்க ஆச்சி பேரும் இப்பிடித்தான் முடியும்" என்றாள். ஏற்றுக்கொண்டாள்.

சில வாரம் கழித்துப் புது அட்டை வந்தது. தமிழில் அம்மையின் பெயர் அம்மை என்றே முடிந்தது. நான் வாசித்துக் காட்டினேன், இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னாள். அப்போதுதான் கவனித்தேன், கீழே ஆங்கில எழுத்தில் இன்னும் அம்மாள்தான் இருக்கிறது. மறுபடியும் திருத்தப் போக வேண்டும் என்றேன்.

"சவத்த விடு மக்கா" என்றாள். "நம்மாளுவ வாசிக்கது சரியா இருக்குல்லா."