எண்ணெய் இறுகிய வரலாறு



எள்ளும் நெய்யும் புணர்ந்து 'எண்ணெய்' ஆயிற்று என்று இலக்கண வகுப்பிலே எடுத்துக்காட்டுவது எங்கள் வழக்கம். எள்ளின் நெய்க்கே உரியதாயிருந்த அப்பெயர், பின்னர்த் தேங்காய், கடலை, ஆமணக்கு ஆகிய எல்லாவற்றின் நெய்க்கும் பொதுவாயிற்று. இன்று நான் கூறவிருப்பது, எண்ணெயாகப் பிறந்து நெய்யின் கோலம் பூண்ட ஒரு பொருளின் வரலாறு.

எண்ணெய் உறையாமல் ஓடுவது ஏன்? அதன் கொழுப்பமிலச் சங்கிலியில் ஆங்காங்கே இரட்டைப் பிணைப்புகள் உள்ளன. அவ்விடங்களில் சங்கிலி வளைந்து நிற்பதால் மூலக்கூறுகள் நெருங்கி அடுங்கமாட்டா. ஹைட்ரஜனை அங்கே ஏற்றிவிட்டால் சங்கிலி நிமிரும்; எண்ணெய் இறுகும். நிக்கலை வினையூக்கியாகக் கொண்டு ஆவிப் பொருள்களில் ஹைட்ரஜனை ஏற்றிக் காட்டியவர் பிரெஞ்சு அறிஞர் பால் சபாத்தியே. அதற்காக 1912-இல் நோபல் பரிசு பெற்றார். அம்முறையை எண்ணெய்க்குப் பயன்படுத்தி, 1902-இல் காப்புரிமை கோரியவர் ஜெர்மானியரான வில்ஹெல்ம் நோர்மன்.

நம் நாட்டில் 1937-இல் 'டால்டா' தோன்றியது. மஞ்சள் நிறத் தகர டப்பாவை என் தலைமுறையினர் எவரும் மறந்திரார். உள்ளிருந்தது தீர்ந்த பின்னும் அது துவரம்பருப்புக்கு இருப்பிடமாகும். விலை மலிவு, ஆகவே நெய்யில் கலப்போர் பெருகினர். அவர்களைப் பிடிக்க அரசினர் கண்ட உபாயம் அழகானது. வனஸ்பதியில் 5 சதவிகிதம் நல்லெண்ணெய் கட்டாயம் சேர்க்கப்பட வேண்டுமென விதித்தனர். நல்லெண்ணெய் இருந்தால், அடர்ந்த ஹைட்ரோகுளோரிக் அமிலமும் சிறிது சர்க்கரையும் சேர்த்துக் குலுக்கியதும் செந்நிறம் தோன்றும். எள்ளே சாட்சி சொல்லிற்று!

ஆனால், பெரிய தீங்கு வேறிடத்தில் இருந்தது. ஹைட்ரஜனை முழுதும் ஏற்றாது பாதியில் நிறுத்தும்போது, எஞ்சிய இரட்டைப் பிணைப்புகளிற் சில திரும்பிக்கொண்டு, சங்கிலி நிமிர்ந்துவிடுகிறது. அதுவே டிரான்ஸ் கொழுப்பு. அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பிரெட் கம்மரோவும் அவர்தம் துணைவரும் அக்கொழுப்பு மனித உடலின் திசுக்களில் தங்கியிருப்பதை 1957-இல் வெளியிட்டனர். கேட்பார் அதிகமில்லை. 1990-இல் டச்சு ஆய்வாளர் இருவர், அது இரத்தத்தில் தீய கொலஸ்டிராலை உயர்த்தி நல்லதைக் குறைப்பதை மெய்ப்பித்த பிறகே உலகம் விழித்தது. டென்மார்க் 2003-இல் சட்டம் இயற்றியது. அமெரிக்கா 2015-இல் முடிவெடுத்தபோது கம்மரோவுக்கு வயது 100! இந்தியா 2022 ஜனவரியில் 2 சதவிகித வரம்பை விதித்தது.

ஆலைகள் அதன்பின் பெரிதும் நாடியது, இயல்பிலேயே பாதி இறுகிய பாமாயிலை. அதிலே டிரான்ஸ் கொழுப்பு இல்லையெனலாம். ஆயினும் ஏறத்தாழப் பாதி நிறைவுற்ற கொழுப்பு. அதுவும் மிகுந்தால் தீய கொலஸ்டிராலை உயர்த்துவதே. தேங்காயெண்ணெயில் அது 80 சதவிகிதத்துக்கும் மேல். கடலையெண்ணெயில் 20-க்குச் சற்றுக் குறைவு. நல்லெண்ணெயில் ஏறத்தாழ 15.